ஸ்டேஷன் ரைட்டர் வாங்கிய ரைட் பிளாக்கர்

பதினோரு வருஷம் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தவன் நான். எஃப்.ஐ.ஆர்., ஜி.டி., மகசர், ரிமாண்ட் ரிப்போர்ட் என்று எழுதி எழுதியே நடுவிரல் ஓரம் காய்த்துப்போனது. அப்படிப்பட்டவன் ஓய்வு பெற்ற பிறகு, சொந்தக் காசு 38,000 ரூபாயைப் போட்டு, எதையும் எழுதவிடாமல் தடுக்கிற பெட்டி ஒன்றை வாங்கினால் வீட்டில் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மனைவி சிரித்தாள். விலையைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

பெட்டிக்கு ரைட் பிளாக்கர் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும். ஒரு பக்கம் கைப்பற்றிய பென் டிரைவைச் செருக வேண்டும், மறுபக்கத்துக் கேபிள் நம் லேப்டாப்புக்குப் போகும். லேப்டாப்பிலிருந்து ‘படி’ என்று வரும் கட்டளையை உள்ளே விடும். ‘எழுது’ என்று வரும் கட்டளையை வாசலிலேயே மறித்துவிடும். வேலை அவ்வளவுதான். கம்பெனிப் பெயரை எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்வதில் முக்கால்வாசி இந்த வகைப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், இந்தக் கருவிகளை ஒவ்வொரு மாடலாகச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. நீங்கள் வாங்கும் மாடலுக்கு அறிக்கை இருந்தால் அச்செடுத்துப் பெட்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். கூண்டில் நிற்கும்போது கைகொடுக்கும்.

கூண்டு என்றதும் 2016 ஞாபகம் வருகிறது. ஒரு கந்துவட்டி வழக்கு. சோதனையில் ஒரு பென் டிரைவ் கிடைத்தது; உள்ளே எக்ஸலில் வட்டிக் கணக்கு. ஸ்டேஷனுக்குப் புதிதாக விண்டோஸ் 10 கம்ப்யூட்டர் வந்திருந்த சமயம். ‘உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போமே’ என்று நானே செருகினேன், ஃபைலைத் திறந்தேன், பார்த்தேன், மூடினேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. பிறகு கவரில் போட்டு, அரக்கு வைத்து, ஃபார்ம் 95 எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் தடய அறிவியல் ஆய்வக அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, பகல் 2 மணிக்குக் கைப்பற்றியதாக மகசர் சொல்கிறது. மாலை 6.40-க்கு இதே பென் டிரைவில் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாகியிருக்கிறதே, யார் உருவாக்கியது?” விழித்தேன். விண்டோஸின் புதிய பதிப்புகள், செருகிய பென் டிரைவில் ‘சிஸ்டம் வால்யூம் இன்பர்மேஷன்’ என்று ஒரு மறைவான ஃபோல்டரைத் தானாகவே போட்டுவிடும் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் விடவில்லை. எக்ஸல் ஃபைலைத் திறந்தால் கூடவே ஒரு தற்காலிக ஃபைல் பிறக்கும், மூடினால் அழியும். திறந்தவரின் பெயர் அதற்குள் இருக்கும். அழிந்துபோன அந்த ஃபைலையும் ஆய்வகம் மீட்டிருந்தது. அதில் இருந்தது எங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த பெயர். “அப்படியானால் கணக்கைத் திருத்தியது நீங்கள்தானே?” இல்லை என்றேன். இல்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். என்னிடம் ஒன்றும் இல்லை. வழக்கு விடுதலையில் முடிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அன்று கூண்டிலிருந்து இறங்கியபோது கால் நடுங்கியது இதனால்தான்.

சரி, பெட்டிக்கு வருவோம். வந்த அன்றே சோதித்தேன். பழைய பென் டிரைவ் ஒன்றில் பேரனின் பிறந்தநாள் படங்களைப் போட்டு, மொத்த டிரைவுக்கும் ஹாஷ் எடுத்துக் காகிதத்தில் குறித்தேன். ஹாஷ் என்பது உள்ளே இருப்பதை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்கிட்டுத் தரும் ஒரு கைரேகை எண்; உள்ளே ஒரு பிட் மாறினாலும் அது மாறிவிடும். பிறகு பெட்டி வழியாகச் செருகி, ஒரு படத்தை வேண்டுமென்றே அழித்தேன். அழிந்துவிட்டது! திரையில் படம் இல்லை. 38,000 ரூபாயும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். கழற்றி மறுபடி செருகினால் படம் இருக்கிறது. ஹாஷ் எடுத்தால் ஒரு எழுத்து பிசகவில்லை. சில பிளாக்கர்கள் இப்படித்தான்: எழுதச் சொல்லும் லேப்டாப்பிடம் ‘ஆகட்டும்’ என்று சொல்லிவிட்டு உள்ளே எதையும் எழுதாது. லேப்டாப் தன் நினைவில் வைத்திருப்பதை நமக்குக் காட்டிக்கொண்டிருக்கும். கையேட்டில் இதற்கு ஒரு வரி இருந்தது, நான் தான் படிக்கவில்லை. வேறு சில பெட்டிகள் நேராகப் பிழைச் செய்தி காட்டிவிடும். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது.

பென் டிரைவை விட இந்தப் பெட்டி காசுக்கு வேலை செய்வது டி.வி.ஆர். டிஸ்க்கில், அதாவது கண்காணிப்புக் கேமராவின் படங்களைப் பதிந்து வைக்கும் கருவியின் டிஸ்க்கில். இப்போது எந்தக் குற்றம் நடந்தாலும் முதலில் தேடுவது பக்கத்துக் கடைக் கேமராவைத்தான். டி.வி.ஆருக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் மாட்டினால் பல சமயம் அதற்குப் புரியாது, டி.வி.ஆர். கம்பெனிகள் தங்களுக்கென்று ஒரு முறையில் பதிந்து வைத்திருப்பார்கள். உடனே விண்டோஸ் என்ன கேட்கும்? ‘இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யட்டுமா?’ தூக்கக் கலக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கேள்விக்கு ‘சரி’ என்று அமுக்கிய ஆளை எனக்குத் தெரியும். பெட்டி நடுவில் இருந்தால் நீங்கள் பத்து தடவை அமுக்கினாலும் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. என் பெட்டி யு.எஸ்.பி. வகை, டி.வி.ஆரில் இருக்கும் சாட்டா இணைப்பு டிஸ்க்கை நேராக மாட்ட முடியாது. தனி மின்சாரம் உள்ள ஒரு டாக்கில் (டிஸ்க்கை யு.எஸ்.பி.யாக மாற்றித் தரும் தாங்கி) டிஸ்க்கை வைத்து, அந்த டாக்கைப் பெட்டியில் செருகுகிறேன். மறந்துபோய் டாக்கை லேப்டாப்பில் நேராகச் செருகிவிட்டால் பெட்டி இருந்தும் பயனில்லை. அதனால் டாக்கின் கேபிளில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

டி.வி.ஆர். விஷயத்தில் பெட்டியால் ஆகாததும் உண்டு. முதலாவது கடிகாரம். கடையில் டி.வி.ஆர். ஓடிக்கொண்டிருக்கும்போதே, திரையில் காட்டும் நேரத்தையும் செல்போன் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து, வித்தியாசத்தை மகசரில் எழுதிவிட வேண்டும். 47 நிமிஷம் முன்னால் ஓடிய டி.வி.ஆரைப் பார்த்திருக்கிறேன், அந்த 47 நிமிஷத்தில் குற்றவாளி திருச்சி பஸ் ஏறியிருப்பான். இரண்டாவது, பழைய பதிவின் மேலேயே புதியது சுழற்சியாகப் பதிந்துகொண்டே போவது. 2020 ஜூனில் தந்தை, மகன் காவல் மரணத்தை விசாரிக்கச் சாத்தான்குளத்துக்குப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் கேமராவின் டிஸ்க்கில் 1 டி.பி. இடம் இருந்தும் பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். படித்த அன்று எங்கள் ஆட்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதே வருஷம் டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், ஸ்டேஷன் கேமராப் பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், அவ்வளவு கொள்ளும் கருவி கிடைக்காவிட்டாலும் ஒரு வருஷத்துக்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த மாதிரி அழிப்பைத் தடுக்க எந்தக் கடையிலும் பெட்டி விற்கவில்லை.

பெட்டி வெறும் வாசல்காரன். நகல் எடுக்க மென்பொருள் வேண்டும். நான் எஃப்.டி.கே. இமேஜர் பயன்படுத்துகிறேன், இலவசம். டிஸ்க்கை முதல் பிட் முதல் கடைசி பிட் வரை, அழிந்த ஃபைல்களின் மிச்சத்தோடு, அப்படியே ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்துக் கொடுக்கும். கடைசியில் பக்கத்திலேயே ஒரு சிறிய டெக்ஸ்ட் ஃபைலில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எம்.டி.5, ஷா1 என்ற இரண்டு வகை ஹாஷ் எல்லாம் இருக்கும். அதை அச்செடுத்தால் ஹாஷ் அறிக்கை தயார். முதல் முறை பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு சொல்: இமேஜை 1,500 எம்.பி. துண்டுகளாக வெட்டுவதுதான் அதன் வழக்கம். அந்த இடத்தில் 0 என்று போட்டால் ஒரே ஃபைலாக வரும். எம்.டி.5-ல் இரண்டு வேறு ஃபைல்களுக்கு ஒரே ஹாஷ் வரவைக்க முடியும் என்று 2004-லேயே காட்டிவிட்டார்கள், ஷா1-க்கு 2017-ல். அதனால் நான் டிஸ்க்கில் இருப்பதை மட்டும் அப்படியே வைக்கும் ரா வகையில் ஒரே ஃபைலாக எடுத்து, விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையால் ஷா256-ம் எடுத்துவிடுகிறேன். 64 எழுத்து. கையால் எழுதாதீர்கள், எழுதிப் பார்த்து மூன்று இடத்தில் தப்பு விட்டவன் சொல்கிறேன்.

இந்த ஹாஷ் இப்போது சட்டத்திலேயே வந்துவிட்டது. மின்னணுச் சான்றுகளுக்குப் பழைய சாட்சியச் சட்டம் கேட்ட 65பி சான்றிதழை எங்களில் பாதிப் பேர் சடங்காகத்தான் எழுதினோம். சில வழக்குகளில் எழுதவே இல்லை. 2014-ல் அன்வர் வழக்கு, 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு என்று சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் இரண்டு தடவை குட்டிய பிறகுதான் புத்தி வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவில் சான்றிதழ் இரண்டு பாகம்: முதல் பாகத்தில் கருவியைக் கையாண்டவர் கையெழுத்து, இரண்டாம் பாகத்தில் நிபுணர் கையெழுத்து. இரண்டிலும் ஹாஷ் எழுதக் கட்டம் இருக்கிறது, ஹாஷ் அறிக்கையை இணைக்கவும் சொல்கிறது. கட்டத்தில் எம்.டி.5, ஷா1, ஷா256 மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் நிரப்பிவிட்டால் யாரும் எதையும் கேட்க முடியாது என்பது என் கணக்கு. கைப்பற்றிய அன்றே, சாட்சிகள் எதிரிலேயே ஹாஷ் எடுத்து மகசரில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. பிறகு அந்த டிஸ்க் எத்தனை மேஜை மாறினாலும், ஹாஷ் ஒத்துப்போனால் முடிந்தது பேச்சு. 2016-ல் என் கையில் இந்தப் பெட்டியும் இந்த 64 எழுத்தும் இருந்திருந்தால் வக்கீலின் கடைசிக் கேள்விக்கு ஒரு காகிதத்தை நீட்டியிருப்பேன்.

இனி குறைகள். செல்போனுக்கு இந்தப் பெட்டி உதவாது. போன் பென் டிரைவ் மாதிரிப் பேசாது, அதற்கு வேறு கருவி, வேறு விலை, வேறு தலைவலி. சுழலும் தட்டு இல்லாத, சில்லில் பதியும் எஸ்.எஸ்.டி. டிஸ்க்கிலும் முழுசாக நம்ப முடியாது. வெளியிலிருந்து வரும் கட்டளையைத்தான் பெட்டி தடுக்கும். மின்சாரம் கிடைத்தாலே எஸ்.எஸ்.டி. உள்ளுக்குள் தானே குப்பை கூட்ட ஆரம்பித்துவிடலாம். அதனால் எஸ்.எஸ்.டி. என்றால் தாமதிக்காமல் முதல் தடவையிலேயே நகல் எடுத்துவிடுவது நல்லது. வேகம் சுமார்தான். நொடிக்கு 100 எம்.பி. போனாலும் 1 டி.பி. டிஸ்க்குக்கு மூன்று மணி நேரம், சரிபார்க்க இன்னொரு மூன்று. சாயங்காலம் ஐந்துக்கு உட்கார்ந்தால் பதினொன்று. தெரியாமல் லேப்டாப்பின் பழைய யு.எஸ்.பி. 2 துளையில் செருகிவிட்டு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த கதையும் உண்டு. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. யு.பி.எஸ். இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் விற்றவர்கள். பெட்டியோடு வந்த அடாப்டர் ஐந்தாம் மாதம் செத்துப்போனது. மூன்று மெயில், நான்கு போன். ‘சார், அது கன்ஸ்யூமபிள், வாரண்டியில் வராது’ என்றார்கள். அடாப்டர் எப்படி ஐயா தீர்ந்துபோகிற பொருளாகும்? ரிச்சி தெருவில் அதே வோல்ட், அதே ஆம்பியரில் 350 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன், இன்றுவரை ஓடுகிறது.

அவ்வளவு காசு இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ் என்ற இடத்தில் ரைட் புரொடெக்ட் என்று போட்டு மதிப்பை 1 ஆக்கினால், அதற்குப் பிறகு செருகும் யு.எஸ்.பி. எல்லாம் படிக்க மட்டும் கிடைக்கும். பைசா செலவில்லை. ஆனால் அன்று அது 1-ஆகத்தான் இருந்தது என்று கூண்டில் எப்படிக் காட்டுவீர்கள்? மெமரி கார்டு அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டையும் சிலர் நம்புகிறார்கள். அது கதவில் மாட்டிய ‘உள்ளே வராதே’ பலகை. கார்டு ரீடர் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை.

தனி ஆளாக வாங்கச் சொல்ல மாட்டேன், நான் வாங்கியது என் வீம்பு. ஒரு சப்-டிவிஷனுக்கு ஒன்று இருந்தால் போதும், பத்து ஸ்டேஷன் பையன்களும் கற்றுக்கொள்வார்கள். இப்போதுகூடப் பெட்டி என்னிடம் இல்லை. பழகிப் பார்க்கிறேன் ஐயா என்று ஒரு எஸ்.ஐ. தம்பி வாங்கிக்கொண்டு போய் இன்றோடு பதினெட்டு நாள். சீரியல் நம்பர், கேபிள் இரண்டு, அடாப்டர் ஒன்று, கொடுத்த தேதி, நேரம் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். “நமக்குள்ள எதுக்குங்க ஐயா இதெல்லாம்?” என்று சிரித்தான், சிரித்துக்கொண்டேதான் போட்டான்.