தெருவில் விடால், வீட்டில் ரீஸ்லிங்: நயாகரா ஐஸ்வைன் அலசல்

"தம்பி, உது இருமல் மருந்தெல்லோ!"

சின்னம்மாவின் தீர்ப்பு அரை நிமிடத்தில் வந்துவிட்டது. ஜனவரிச் சனிக்கிழமை, கனடாவின் நயாகரா-ஒன்-த-லேக் ஊர், குவீன் தெரு, குளிர் மைனஸ் 9. பனிக்கட்டியைச் செதுக்கி நிறுத்தியிருந்த பார் ஒன்றில் தெரியாத்தனமாக முழங்கையை ஊன்றி, ஜாக்கெட் கையை நனைத்துக்கொண்டு நின்றேன் நான். சின்னம்மா கையில் இருந்தது விடால் ஐஸ்வைன்: விடால் என்ற திராட்சையைக் கொடியிலேயே உறையவிட்டுப் பிழிந்த இனிப்பு வைன். இரண்டு மிடறுக்குமேல் வராது. காரோட்டி மச்சான், அவருக்கு ஹொட் சொக்லேற்.

ஊரிலிருந்து யாரும் வந்தால் நயாகரா அருவியைக் காட்டிவிட்டு நேரே ரொறொன்ரோவின் ஸ்கார்பரோவுக்குத் திரும்புவதுதான் நம்மவர் வழக்கம். அருவியிலிருந்து இன்னுமொரு 20 கிலோமீற்றர் ஓடினால் இந்தத் தெரு. ஒவ்வொரு ஜனவரியும் இங்கே ஐஸ்வைன் திருவிழா நடக்கும். சுற்றுவட்டாரத்து வைன்காரர் வரிசையாகக் கடை விரித்திருப்பார்கள். அங்கே நின்று குடிக்க நல்லது எது, வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வர நல்லது எது என்பவை இரண்டு வேறு கேள்விகள். அது பிடிபட எனக்கு மூன்று ஜனவரி எடுத்தது.

சின்னம்மா சொன்னது முழுப் பிழையுமில்லை. ஐஸ்வைன் ஒரு லீற்றரில் 200 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருப்பது சாதாரணம். கோலாவில் அதில் பாதிதான். ஆனால் இந்தச் சர்க்கரை யாரும் கொட்டியதல்ல. ஒன்ராறியோ விதிப்படி பழம் கொடியிலேயே உறைய வேண்டும். குளிர் மைனஸ் 8 பாகைக்கு இறங்கினால்தான் பறிக்கலாம். குளிரறையில் வைத்து உறையவைத்த பழத்துக்கு அந்தப் பெயரைப் போட விடமாட்டார்கள். அனேகமாக இரவில்தான் பறிப்பு. போளை மாதிரி இறுகின பழத்தை இளக விடாமல் அப்படியே பிழிவார்கள். தண்ணீர் ஐஸாகத் தோலோடு தங்கிவிடும், வழிவது பாணி மாதிரித் தடித்த இனிப்புச் சாறு. அதே பழம் சாதாரண வைனுக்குத் தந்திருக்கக்கூடிய சாற்றில் ஐந்திலொரு பங்கு தேறினாலே பெரிது. 375 மில்லிலீற்றர் குட்டிப் போத்தலுக்கு அந்த விலை ஏன் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் விலகும்போது இனிப்பு மட்டும் செறிவதில்லை, புளிப்பும் சேர்ந்து செறிகிறது. எந்தப் பழத்தில் எவ்வளவு புளிப்பு மிஞ்சியிருந்தது என்பதில்தான் விடால், ரீஸ்லிங், கபர்னே பிராங் என்று நான் குடித்துப் பார்த்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இருக்கிறது.

முதலில் விடால், ஏனென்றால் ஊர் முழுக்க அதுதான். இது கலப்பினப் பழம். பிரான்சில் கொன்யாக் பிராந்தி காய்ச்சுவதற்கென்று உருவாக்கினார்கள். பெயர் வாங்கியது கனடாப் பனியில். தடித்த தோல். பிந்திப் பழுக்கும், மழைக்கும் காற்றுக்கும் கொட்டுண்ணாமல் ஜனவரிவரை கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நயாகராவின் பேரை உலகத்துக்குச் சொன்னதும் இதுதான். இனிஸ்கிலின் வைன்காரர் 1983இல் பழத்தைக் கொடியில் விட்டுவிட்டுக் காத்திருக்க, குருவிகள் வந்து விருந்துண்டு போய்விட்டன. அடுத்த வருடம் வலை போட்டுக் காப்பாற்றினார்கள். 1989ஆம் ஆண்டு விடால், 1991இல் போர்தோவில் நடந்த வினெக்ஸ்போ வைன் கண்காட்சியில் பெரும் பரிசை வாங்கியது. இன்றைக்கும் கொடிகளுக்கு மேலே வலை தொங்குவதைக் குளிர்காலத்தில் தெருவோரத்திலேயே காணலாம்.

கிளாஸுக்குள் மூக்கை விட்டால் மாம்பழம். வெறும் மாம்பழமில்லை, நன்றாகக் கனிந்த கறுத்தக்கொழும்பான். பிறகு அப்ரிகொட், தேன். முதல் மிடறில் யாருக்கும் பிடிக்கும். வரிசையில் பக்கத்தில் நின்ற பெடியன் இன்னொன்று வாங்கப் போனான். நானும் போனேன்.

ரீஸ்லிங் அப்படி உடனே முகம் காட்டாது. ஜெர்மன் பழம், தோல் மெல்லியது. பனி வரும்வரை அதைக் காப்பாற்றுவது விடாலைக் காப்பாற்றுவதைவிடச் சிரமம். அந்தச் சிரமம் விலையிலும் தெரியும். ஐஸ்வைன் என்ற யோசனையே ஜெர்மனியிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே இப்போது குளிரை நம்ப முடிவதில்லை; 2019 அறுவடைக்கு வேண்டிய குளிரே வராமல் அந்த வருடப் பழம் போய்விட்டது. நயாகராவிலோ ஒன்ராறியோ ஏரி கோடையின் சூட்டைப் பிடித்துவைத்துப் பழத்தைப் பழுக்க விடுகிறது, பிறகு குளிரும் ஏமாற்றாமல் வந்து சேர்கிறது. சில வருடங்களில் பெப்ரவரிவரை காத்திருக்க வைக்கும், அவ்வளவுதான்.

தெருவில் குடித்த ரீஸ்லிங் எனக்கு ஏமாற்றம். வாசமே இல்லை, பல்லைக் கூசவைக்கும் புளிப்பு மட்டும். தேசிக்காய்த் தண்ணீரில் சீனி போட்ட மாதிரி என்று அப்போதே போனில் குறித்தும் வைத்தேன். பிறகு கையுறையைக் கழற்றி, கிளாஸை உள்ளங்கைக்குள் பொத்தி ஒரு ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். விரல் விறைத்துப்போனது. ஆனால் கிளாஸுக்குள்ளிருந்து பச்சை அப்பிள், தோடம்பழத் தோல், ஏதோ ஒரு பூ எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்தன. போனில் எழுதியதை அழிக்கவில்லை, சாட்சிக்கு இருக்கட்டும்.

நடந்தது இதுதான். மைனஸ் 9இல் ஊற்றுகிற வைன் அளவுக்கு மீறிக் குளிர்ந்திருக்கிறது. குளிர் வாசத்தை அமுக்கும். நாக்குக்கு இனிப்பைக் குறைத்துக் காட்டும், புளிப்பைத் தூக்கிக் காட்டும். விடாலுக்கு அது பெரிய உதவி: அதிகப்படியான இனிப்பு மறைந்து அளவாகத் தெரிகிறது. ரீஸ்லிங்குக்கு அதே குளிர் சதி.

மூன்றாவது கபர்னே பிராங், சிவப்பு ஐஸ்வைன். சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிறம் நாவற்பழம் கடித்த நாக்கு மாதிரி இளஞ்சிவப்பு. ஸ்ரோபெரி ஜாம், கொஞ்சம் துவர்ப்பு. அழகுக்கு முதலிடம்; படம் எடுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கசப்புச் சொக்லேற்றோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்றிலும் விலை கூடியது அனேகமாக இதுதான், அந்தக் கூடுதலில் பாதி நிறத்துக்கென்றே எனக்குப் படுகிறது. திருவிழாவில் சுவைத்துப் பார்க்க ஒரு டோக்கன் கொடுங்கள். போத்தல் வேண்டாம்.

இனி வீட்டுக்கதை. விடாலில் ஒன்று, ரீஸ்லிங்கில் ஒன்று வாங்கி வந்தோம். அடுத்த ஞாயிறு இரண்டையும் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு ஊற்றினேன். மனைவி, மச்சான், சின்னம்மா, நான். எது எதுவென்று தெரியாமல் இருக்கப் போத்தல்களைத் துவாயால் சுற்றிவிட்டேன்.

விடால் வீட்டுச் சூட்டில் வேறு ஆளாகிவிட்டது. மாம்பழம் இருக்கிறது, தேன் இருக்கிறது, ஆனால் இரண்டாவது மிடறுக்குப் பிறகு நாக்கில் பாணி படிந்தமாதிரி ஒரு பாரம். மனைவி பாதியில் வைத்துவிட்டார். மூன்றாவது மிடறுக்கு எனக்கும் தண்ணீர் தேவைப்பட்டது. ரீஸ்லிங் கிளாஸ்கள்தான் முதலில் காலியாகின. இனிப்பு வந்து உட்காருகிற இடத்தில் புளிப்பு வந்து கழுவிவிட்டுப் போகிறது. மேசையில் மனைவி பொரித்து, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிவைத்த மரவள்ளிக்கிழங்கு கிடந்தது. வைன் படித்தவர்கள் நீலப் பாலாடைக்கட்டி வைக்கச் சொல்வார்கள்; அவர்கள் இந்த மரவள்ளியைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். உறைப்பு, உப்பு, பிறகு ஒரு மிடறு ரீஸ்லிங், பிறகு மறுபடி உறைப்பு என்று மச்சான் ஒரு தட்டையே முடித்தார். விடாலுக்கு இதே சோதனையை வைத்தபோது உறைப்பு அடங்கியது, ஆனால் வாயில் மிஞ்சியது சீனி மட்டும்.

அதற்காக விடாலைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஐஸ்வைனே குடித்திராத ஒருவருக்குப் பரிசு கொடுப்பதென்றால் விடால்தான். முதல் மிடறிலேயே முகம் மலர வேண்டுமே. 50 டொலர் சுற்றுவட்டத்தில் கிடைக்கும். நன்றாகக் குளிரவைத்துச் சின்னச் சின்னதாக ஊற்றுங்கள், தெருவில் இருந்த அழகில் பாதியாவது திரும்பி வரும். ஆனால் வாங்கிப் பூட்டிவைத்துப் பிள்ளையின் கலியாணத்துக்குத் திறக்கலாம் என்று நினைக்கக்கூடாது. புளிப்புக் குறைந்த வைன் வைக்க வைக்கக் கறுத்து, கருக்கின சீனி வாசத்துக்குப் போய்விடும். வைத்திருக்க ஆசையென்றால் ரீஸ்லிங்கை வையுங்கள்.

திருவிழாவில் யாரும் உரத்துச் சொல்லாத நாலாவது ஒன்றும் இருக்கிறது: லேட் ஹார்வெஸ்ட். பிந்திப் பறித்த பழம், ஆனால் உறையும்வரை விடாதது. விலை ஐஸ்வைனில் பாதிகூட வராது. இனிப்பும் குறைவு, அடர்த்தியும் குறைவு. மழைநாள் பின்னேரம் பலகாரத்தோடு குடிக்க இது தாராளம். விடால் ஐஸ்வைன் ஒன்றுக்குப் பதிலாக விடால் லேட் ஹார்வெஸ்ட் இரண்டு என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் இரண்டைத்தான் எடுப்பேன். ரீஸ்லிங் ஐஸ்வைனுக்கு அந்தப் பேரத்துக்கு வரமாட்டேன்.

இன்னொரு விஷயம். அடுத்த முறை போகிறவர்கள் சுவைக்கும் வரிசையைத் திருப்பிவிடுங்கள். ரீஸ்லிங்கை முதலில் வாங்கிக் கையில் பொத்திக்கொண்டு நடங்கள், விடாலைக் கடைசியில் வாங்கி உடனே குடியுங்கள். அந்தச் சீனி ஒருமுறை நாக்கில் ஏறினால் பிறகு வருவதெல்லாம் புளிக்கும். முதல் வருடம் எனக்கு ரீஸ்லிங் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். போத்தல் வாங்குவதைத் தெருவில் வைத்துக்கொள்ள வேண்டாம். வைன்காரரின் தோட்டத்துக் கடைக்குள் போனால் வைன் வேண்டிய அளவுக்குத்தான் குளிர்ந்திருக்கும். அங்கே ஒரு மிடறு கேட்டுக் குடித்துவிட்டுக் காசை எடுங்கள்.

துவாயை அவிழ்த்துப் பெயரைக் காட்டிய பிறகும் சின்னம்மா கட்சி மாறவில்லை. இரண்டும் மருந்துதானாம், ஒன்று இருமலுக்கு, மற்றது வயிற்றுப் பிரட்டலுக்கு. திறந்த போத்தலை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு கிழமை தாங்கும். போன புதன்கிழமை தொண்டை கரகரக்குது என்று அடுக்களைக்குள் வந்தவர், பெட்டியைத் திறந்து விடால் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதிலை ஒரு மூடி எடுக்கட்டே, தம்பி?"