கரண்ட் கம்பியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லி விற்ற வேலி வெட்டும் மெஷின்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் சைப்ரஸ் வேலி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளக் குழாயின் நுனியில் பிளேடு வைத்த கரண்ட் டிரிம்மர் ஒன்றை, கோயம்புத்தூர் கடை ஒன்றில் பொய் சொல்லி எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் சொன்ன பொய் ஆளைக் கொல்லக்கூடியது.

எங்கள் வீடு கோத்தகிரியில் ரோட்டோரம் இருக்கிறது. வேலி ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஒரு மூலையில் அதற்கு மேலே மின்வாரியத்தின் கம்பி குறுக்காகப் போகிறது. கடையில் இதைச் சொல்லித்தான் மெஷின் கேட்டேன். "அக்கா, குழாய் முழுக்க ஃபைபர், உள்ளே டபுள் இன்சுலேஷன். கம்பியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது" என்றார் விற்பனையாளர். 12,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். பெட்டியில் கையேடு இல்லை. கேட்டதற்கு, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

அந்தக் குழாய் ஃபைபரே இல்லை. நீட்டிச் சுருக்கும் இடத்தில் கிளிப் உரசி உரசி, கறுப்புப் பெயின்ட் நகக்கண் அளவுக்கு உரிந்துபோய், அடியில் அலுமினியம் பளிச்சென்று தெரிந்தது. முதலில் பார்த்தவர் எங்கள் தோட்டத்து அண்ணன்தான். "அம்மா, இது தகரமாட்டம் மின்னுது. நான் கம்பிகிட்ட கொண்டுபோக மாட்டேன்" என்று மெஷினைக் கீழே வைத்துவிட்டார். அவர் மட்டும் கடைக்காரர் பேச்சை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது.

டபுள் இன்சுலேஷன் என்பது மெஷினுக்குள் ஏதாவது கெட்டுப்போனால் வெளி பாடியில் கரண்ட் பாயாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடு. மெஷின்மேல் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருக்கும், அது இதற்குத்தான். தலைக்கு மேலே போகும் லைனைத் தொட்டால் அது எந்த விதத்திலும் காப்பாற்றாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச்) கண்டிப்பாக இருக்க வேண்டும். கேபிளைத் தெரியாமல் வெட்டியோ, பிளக்கில் ஈரம் இறங்கியோ கரண்ட் நம் உடம்பு வழியாகவோ தரைக்கோ கசிந்தால் அது சட்டென்று டிரிப் ஆகும். ஆனால் ரோட்டு லைனின் கரண்ட் நம் ஆர்சிசிபி வழியாக வருவதில்லை, அதனால் அங்கே அதுவும் உதவாது. நிஜமாகவே ஃபைபர் குழாயாக இருந்தாலும், நம் ஊர்ப் பனிமூட்டத்தில் மேலெல்லாம் ஈரம் படிந்திருக்கும்போது அதை நம்பக்கூடாது. 11,000 வோல்ட் லைன் என்றால் தொடக்கூட வேண்டாம், மிகவும் நெருங்கினாலே கரண்ட் பாய்ந்துவிடும். வெட்டின ஈரக் கிளை கம்பிமேல் சாய்ந்தாலும் ஆபத்துதான். இந்த வகை மெஷின்களின் கையேடுகளை நெட்டில் எடுத்துப் படித்தேன். கரண்ட் லைனிலிருந்து குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள், சிலர் 15 மீட்டர் என்கிறார்கள். கடையில் சொன்னதற்கு நேர் எதிர்.

அடுத்தது டெமோ. கடையிலிருந்து ஓர் ஆள் மலையேறி வந்தார், அதற்குத் தனிக் காசு. இரண்டு கையும் பிடித்தால்தான் ஓட வேண்டும் என்பதற்காக ஒரு லாக் பட்டன் இருக்கிறது. அவர் வந்ததும் அதை ஒரு கேபிள் டையால் இழுத்துக் கட்டினார். கை வலிக்காது என்று விளக்கம் வேறு. கட்டிவிட்டால் ஒரு கையை எடுத்துவிட்டாலும் பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும். உடனே அறுத்தெறியச் சொன்னேன்.

அப்புறம் கம்பியில்லாத பக்கமாக வெட்ட ஆரம்பித்தவர், பச்சையைத் தாண்டி உள்ளே காய்ந்த பழுப்புக் கட்டை வரைக்கும் விட்டார். சைப்ரஸ் தேயிலை மாதிரி கிடையாது. தேயிலையைக் கவாத்து செய்தால் கட்டையிலிருந்து துளிர்க்கும். சைப்ரஸ் பழைய கட்டையிலிருந்து துளிர்ப்பதில்லை. வேலியின் அந்தப் பகுதி மொட்டையாகவே நிற்கிறது. மெஷினுக்கும் அந்தத் தடித்த கிளைகள் ஆகவில்லை. பல்லின் இடைவெளி 16 மில்லிமீட்டர், கடையில் சொன்னதோ இரண்டு விரல் தடிமன். திணறித் திணறி மோட்டாரில் கருகல் வாசம் வந்து நின்றுபோனது. வாரன்டி கேட்டால் "நீங்கள் தப்பாக உபயோகித்தீர்கள்" என்று கையை விரிக்கிறார்கள். உபயோகித்தது அவர்கள் அனுப்பிய ஆள்!

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது கையில் எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தார்கள். விடாமல் கேட்டபின் வந்த ஜிஎஸ்டி பில்லில் "தோட்டக் கருவி" என்று மட்டும் இருக்கிறது, மாடலும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. இரண்டும் அச்சான பில் கைக்கு வராமல் காசை நீட்டாதீர்கள்.

முறையாக வெட்டத் தெரிந்த ஒரு எஸ்டேட் மேஸ்திரி பிறகு வந்து எங்களுக்குக் காட்டிக்கொடுத்தார். பக்கவாட்டை முதலில் கீழிருந்து மேலாக வெட்டி, உச்சியைக் கடைசியில் எடுக்க வேண்டும். அடி அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருந்தால்தான் அடிக்கிளைக்கு வெயில் கிடைத்து வேலி அடர்த்தியாக நிற்கும். பச்சையை மட்டும் சீவ வேண்டும். நீளக் குழாய் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறவே கூடாது, தரையில் கால் ஊன்றி நிற்க வேண்டும், வெட்டுகிற இடத்துக்கு நேர் கீழே நிற்கக்கூடாது. கண்ணாடி, ஹெல்மெட், கையுறை வேண்டும். கேபிள் தோளுக்குப் பின்னால் போக வேண்டும். பிளேடு சிக்கினால் சுவிட்சை விட்டால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சைப்ரஸ் பிசின் பிளேடில் அப்பிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிய பிறகு துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். மழைத்தூறலிலும் பனி இறங்கும்போதும் கரண்ட் மெஷினை வெளியே எடுக்கவே வேண்டாம்.

கம்பி போகும் மூலைக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் கூப்பிட்டோம். லைன்மேன் வந்து லைனை ஆஃப் செய்து நின்றார், அண்ணன் கவாத்துக் கத்தியால் கையாலேயே வெட்டி முடித்தார்.

கடை மீது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் வேறு மாடல் தருகிறோம் என்கிறார்கள், நான் முழுப் பணமும் கேட்கிறேன். கடை கோவையில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். பெயின்ட் உரிந்த குழாயின் போட்டோ, கேபிள் டை கட்டிய பட்டனின் போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பணம் வரவில்லை என்றால் அடுத்து ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகிறேன். இதே கடையில் இதே பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போகலாம்.