'டயட்டே இல்லை' என்றார்கள், 42,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பத்து மணிக்கு, நான் காசு கட்டிச் சேர்ந்த ஒரு ஆன்லைன் கோச்சிங்கின் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் வரவில்லை, நீக்கப்பட்டீர்கள் என்ற வரிதான் வந்தது. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 42,000 ரூபாய். மில் ஆபீஸில் கணக்கு எழுதுகிற எனக்கு அது இரண்டு மாதச் சம்பளம்.

பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல முடியாது. "அவதூறா எதுவும் போட்டீங்கன்னா லீகலா பார்த்துக்குவோம்" என்று ஏற்கெனவே மிரட்டிவிட்டார்கள். எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். குட்டி குட்டி வீடியோக்களில் விளம்பரம் வரும். டயட் இருந்து இருந்து அலுத்துப்போன பெண்களைத்தான் குறி வைப்பார்கள். சாப்பாட்டோடும் உடம்போடும் சமாதானம் ஆகலாம், 12 வாரம் போதும், எடை மெஷினைத் தூக்கிப் போடுங்கள் என்பார்கள். அந்த மாதிரி ஒரு ஆன்லைன் கோச்சிங்.

எனக்கு 43 வயது. டயட் ஆரம்பித்தது பதினாறில். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு இரண்டாவது வடை வைக்க வந்தவரைத் தடுத்து, "அவளுக்கு வேண்டாம்ப்பா, இப்பவே பூசினாப்ல இருக்கா" என்றார் என் அத்தை. பந்தி மொத்தமும் சிரித்தது. அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. ஏழு நாள் முட்டைக்கோஸ் சூப் குடித்தேன். பேலியோ டயட் அலை அடித்த காலத்தில் காலையில் எண்ணி 100 பாதாம். வீட்டில் எல்லோரும் இட்லியைச் சாம்பாரில் முக்கிச் சாப்பிட, நான் மட்டும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு குதிரை மாதிரி மென்றுகொண்டிருப்பேன். 11 கிலோ குறைந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஒன்றரை வருஷத்தில் 14 ஏறியது, அப்போதும் எல்லோரும் பேசினார்கள்.

இப்படிப்பட்டவளிடம் "டயட்டே இல்லை" என்று ஒருத்தர் சொன்னால் எப்படி இருக்கும்?

முதலில் ஒரு இலவச வகுப்பு, ஒன்றரை மணி நேரம். அதில் சொன்னதெல்லாம் உண்மை, கொடுமையே அதுதான். பொய் சொல்லியிருந்தால் நான் உஷாராகியிருப்பேன். அமெரிக்காவில் நடந்த மின்னசோட்டா பட்டினி ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார்கள். இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில், 1944-45-ல், அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்துச் செய்தது. போருக்குப் போக மறுத்து, அதற்குப் பதிலாக இதற்குத் தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாதம் ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி மட்டும் கொடுத்தார்கள். நல்ல திடமாக இருந்தவர்கள் சோற்றையே நினைத்துக்கொண்டு திரிந்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், தட்டை நக்கினார்கள். கட்டுப்பாட்டை எடுத்த பிறகும் பல பேருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்கவில்லை. "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லைன்னு இத்தனை வருஷம் சொன்னாங்களே, அது பொய். பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் நடந்துக்கும்" என்றார் அந்தக் கோச். நான் சமையல்கட்டில் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியவில்லை, பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டாள். 'கவுன்சலர்' என்றாள், நல்ல குரல். என்னை அக்கா என்றாள். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அக்கா, கடைசியா நீங்க பயமில்லாம, பிடிச்சு ஒண்ணு சாப்பிட்டது எப்ப?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள்.

யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். போன தீபாவளி முடிந்த நாலாம் நாள், ராத்திரி ஒரு மணிக்கு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒன்பது அதிரசம் தின்றேன். லைட் போடவில்லை. எண்ணெய்க் கையை நைட்டியில் துடைத்துவிட்டு, அந்த நைட்டியையும் அப்போதே மெஷினில் போட்டுவிட்டேன். காலையில் மாமியார் அதிரசம் இருந்த தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டு, எறும்பு வந்திருக்கும், யாரோ எடுத்துக் கொட்டிவிட்டார்கள் போல என்றார். நானும் ஆமாம் என்றேன். இது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "அக்கா, அது உங்க தப்பு இல்ல."

அழுதுவிட்டேன். இருபத்தேழு வருஷத்தில் ஒருத்தர்கூட எனக்கு அதைச் சொன்னதில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போதே, 60,000 ரூபாய்ப் பயிற்சி, இன்று ராத்திரி 12 மணிக்குள் சேர்ந்தால் 42,000, "வட்டியில்லாத் தவணை அக்கா, மாசம் 3,500தான், ஒரு புடவை காசு" என்றாள். லிங்க் வந்தது. ஆதார், பான், செல்ஃபி, ஓடிபி. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தவணை என்றால் அவர்களிடம் மாதாமாதம் கட்டுவது என்று நினைத்தேன். அப்படி இல்லை. என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் 42,000 ரூபாய்க் கடன் எழுதி, அந்தப் பணம் மொத்தமாக அவர்கள் கைக்குப் போய்விட்டது. நான் கணக்கு எழுதுகிறவள். ஊருக்கெல்லாம் வவுச்சர் சரிபார்க்கிறவள். எனக்கு இது தோன்றவில்லை.

முதல் இரண்டு வாரத்தைக் குறை சொல்ல மாட்டேன். பசியை ஒன்றிலிருந்து பத்துவரை மதிப்பெண் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு நாள் காலையில் டிவி, போன் எதுவும் இல்லாமல் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிட்டேன். இட்லிக்கு லேசாக ஒரு புளிப்பு உண்டு, அதை நான் கவனித்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! ஆனால் இதெல்லாம் அவர்கள் சரக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஈவ்லின் ட்ரிபோல், எலீஸ் ரெஷ் என்ற இரண்டு அமெரிக்க உணவியல் நிபுணர்கள் 1995-லேயே புத்தகமாக எழுதியது. அதன் பத்துக் கொள்கைகள் இணையத்தில் காசில்லாமலே கிடைக்கின்றன. அதில் முதல் கொள்கையே டயட் மனப்பான்மையை விடு என்பதுதான்.

மூன்றாம் வாரம் தினமும் காலை ஆறரைக்கு எடை மெஷின் போட்டோ போடச் சொன்னார்கள். தூக்கிப் போடச் சொன்ன அதே மெஷின்! "டேட்டாவுக்கு மட்டும்தான் மேம்." அப்போதே அக்கா போய் மேம் வந்துவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை. நாலாம் வாரம் குடலைச் சுத்தம் செய்கிறதாம் ஒரு பவுடர், டப்பா 3,200. நான் வாங்கவில்லை. வாங்கியவர்களுக்கு மட்டும் தனி குரூப், தனி வகுப்பு. ஐந்தாம் வாரம் சார்ட் வந்தது. காலையில் ஒன்றரை இட்லி, பதினொரு மணிக்கு மோர், மதியம் ஒரு கரண்டிச் சோறும் காயும், மாலையில் கைப்பிடிச் சுண்டல், ராத்திரி சூப்பும் ஒரு சப்பாத்தியும்.

"டயட் இல்லைன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"இது டயட் இல்ல மேம், ப்ரோட்டோகால்."

சரி என்று உட்கார்ந்து கலோரியைக் கூட்டினேன். எப்படிக் கூட்டினாலும் 1,100-ஐத் தாண்டவில்லை. பட்டினி ஆராய்ச்சியில் கொடுத்ததே 1,570. அவர்கள் வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடந்த ஆண்கள், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கதையைச் சொல்லிக் கண்ணீர் வரவழைத்தவர்களே அதற்கும் கீழே ஒரு சார்ட் போட்டுக் கொடுத்தால்?

இரண்டு வாரம் அதையும் செய்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆபீஸ் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஹீமோகுளோபின் 9.2. ராத்திரிச் சாப்பாடும் திரும்ப வந்துவிட்டது, இந்த முறை பிரெட். கோச்சுக்கு எழுதினேன். "உங்க மைண்ட்செட் இன்னும் ரெசிஸ்ட் பண்ணுது" என்று பதில். அந்த டாக்டர்தான் நிதானமாகச் சொன்னார், இப்படி ஒளிந்து, நிறுத்த முடியாமல் சாப்பிட்டுவிட்டுக் குமுறுவதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, 2013-லிருந்து மனநோய்களைப் பட்டியலிடும் அமெரிக்கக் கையேட்டிலேயே தனி நோயாக இருக்கிறது, சிகிச்சையும் உண்டு என்று. அவர் கன்சல்டேஷன் ஃபீஸ் 300 ரூபாய்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இங்கேதான் நாடகமே. முதலில் 48 மணி நேரத்தில் கூப்பிடுவோம் என்றார்கள், கூப்பிடவில்லை. திரும்ப எழுதினால் புதிதாக ஒரு டிக்கெட் நம்பர். என்னிடம் மொத்தம் ஐந்து டிக்கெட் நம்பர் இருக்கிறது, லாட்டரி மாதிரி. பிறகு, ஏழு நாளைக்குள் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். அதுவும் ஒரு வீடியோவைத் திறந்துவிட்டால் திருப்பித் தர மாட்டார்களாம். திறக்காமல் எப்படி அது நல்லதா கெட்டதா என்று தெரியும்? பதில் இல்லை. தவணையையாவது நிறுத்துங்கள் என்றால் "அது லோன் கம்பெனி மேம், அவங்களைக் கேளுங்க." லோன் கம்பெனியைக் கேட்டால் "பொருள் சரியில்லன்னா விற்றவங்களைக் கேளுங்க. தவணை தவறினா சிபில் அடிபடும்." சிபில் என்றால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்துப் போடும் மதிப்பெண். என்னை அக்கா என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தேன். வேறொருத்தர் எடுத்தார். "அவங்க சேல்ஸ் டீம் மேம், இப்ப இங்க இல்ல." சேல்ஸ்! நான் அழுதது ஒரு சேல்ஸ் பெண்ணிடம்.

முந்தாநாள் அவர்களின் புது விளம்பர வீடியோ என் போனில் வந்தது. அந்தக் கோச் உருக்கமாகப் பேசுகிறார்: "எங்ககிட்ட வந்த ஒரு சகோதரி, நடு ராத்திரி வாஷிங் மெஷின் பின்னாடி நின்னு அதிரசம் சாப்பிட்டிருக்காங்க. இன்னைக்கு அவங்க சுதந்திரமா இருக்காங்க." பெயர் சொல்லவில்லை. வாஷிங் மெஷினைக்கூட விடவில்லை. என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "பாருங்க அண்ணி, எப்படியெல்லாம் இருக்காங்க" என்று எனக்கே அனுப்பினாள்.

அதற்கு அப்புறம்தான் நேற்று குரூப்பில் கேட்டேன். மின்னசோட்டாவில் 1,570 கொடுத்தார்களே, நமக்கு ஏன் 1,100? அவ்வளவுதான். தூக்கிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் "போனது ஏழாயிரம்தானே, விடு" என்கிறார். இரண்டு தவணைதான் போயிருக்கிறது என்கிற கணக்கில். போனது 42,000. இன்னும் பத்து மாதம் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதி 3,500 போகும், ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் குரல் காதில் கேட்கும்.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. தோன்றுவதைச் சொல்கிறேன். இலவச வகுப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் யாருக்கும் பணம் கட்டாதீர்கள். அழுதுகொண்டிருக்கும்போது ஓடிபி சொல்லாதீர்கள். 'வட்டியில்லாத் தவணை' என்றால் கடன் யார் பெயரில் என்று கேளுங்கள். ஆன்லைன் கடன் என்றால், எடுத்த சில நாட்களுக்குள் அசலையும் அந்த நாட்களுக்கான செலவையும் கட்டி அபராதமில்லாமல் வெளியேற ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது. எத்தனை நாள் என்பது கடனோடு வரும் விவரத் தாளில் இருக்கும். எனக்கு இது தெரிந்தபோது ஏழு வாரம் ஓடிவிட்டது. கோச் என்று யார் வேண்டுமானாலும் போர்டு வைக்கலாம், க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள். பேச ஆள்தான் வேண்டும் என்றால் 14416, அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஏமாந்துவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். இன்று காலையில்தான் புகார் கொடுத்தேன். அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

அந்தக் குரூப்பில் இன்னும் இருக்கிற யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஐந்தாம் வாரச் சார்ட்டையும் எடை போட்டோ கேட்ட மெசேஜையும் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அவர்களுடைய ஆப்பில்தான் எல்லாம் இருந்தது, எனக்கு லாகின் இன்று காலையிலிருந்து திறக்கவில்லை.