மிரின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்த பிறகு

ஜப்பானின் நாகோயாவுக்கு வந்து ஆறு வருஷம். அதில் முதல் ஒன்றரை வருஷம் மிரின் (ஜப்பானியச் சமையலில் சேர்க்கிற இனிப்பான அரிசி மது) என்று நினைத்து நான் ஊற்றியது மிரினே இல்லை.

கடையில் சோயா சாஸ் அடுக்கில் இருந்ததிலேயே மலிவான பாட்டில் அது. தெரியாக்கி சிக்கனுக்கு, அதாவது சோயாவும் மிரினும் விட்டு வாட்டுகிற கோழிக்கு, ஊற்றினால் இனிக்கும், பளபளக்கும். ஆறினால் நாக்கில் சர்க்கரை மட்டும் தனியாக நிற்கும். என் கைப்பக்குவம்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜப்பானிய எழுத்து கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் கவனித்தேன்: ‘மிரின்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஃபூ சோமிர்யோ’ என்று ஒட்டிக்கொண்டிருந்தது. ‘மிரின் மாதிரி ஒன்று’ என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கப் பட்டியலில் முதலில் மிசுஅமே, அதாவது மாவுச்சத்திலிருந்து எடுக்கிற பாகு. அப்புறம் பேருக்குக் கொஞ்சம் அரிசிச் சரக்கு, புளிப்புக்கு அமிலம், ருசிக்கு அமினோ அமிலம். ஆல்கஹால் 1 சதவீதத்துக்கும் கீழே.

அசல் சரக்கின் பெயர் ஹோன் மிரின். ஒட்டரிசியை வேகவைத்து, கோஜி பூஞ்சை பிடித்த அரிசியோடு ஷோச்சு சாராயத்தில் போட்டு 40 முதல் 60 நாள் விடுகிறார்கள். கோஜியின் நொதிகள் அரிசியின் மாவை மெல்ல இனிப்பாக்குகின்றன. அதில் இருக்கும் ஆல்கஹால் ஷோச்சுவில் இருந்து வந்தது. கிட்டத்தட்ட 14 சதவீதம். சட்டப்படி இது மதுவகை. அதனால் எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு: பில் போடும்போது திரை உங்களுக்கு 20 வயதாகிவிட்டதா என்று கேட்டால், கையில் இருப்பது ஹோன் மிரின்.

நடுவில் உப்புப் போட்ட ஒரு வகையும் இருக்கிறது. குடிக்க முடியாதபடி உப்பைச் சேர்த்துவிட்டால் மது வரி கிடையாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு பாட்டில் வாங்கினேன். சோயா சாஸைக் குறைக்காமல் வழக்கம்போல ஊற்றிய அன்று பூசணி உப்புக் கரித்தது. மறுபடி வாங்கவில்லை.

‘ஹோன்’ என்று போட்டிருந்தாலும் பாட்டிலைத் திருப்புங்கள். ஹோன் மிரினிலும் சர்க்கரைப் பாகு சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. நான் தினசரி புழங்கும் ஒரு லிட்டர் பாட்டிலில் அது இருக்கிறது. ஒட்டரிசி, கோஜி, ஷோச்சு மூன்றோடு நிற்கும் பழைய முறைச் சரக்குக்கு ஹெகினான் ஊர்தான் பேர்போனது. இங்கிருந்து மெய்தெட்சு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஒரு படி அரிசிக்கு ஒரு படி மிரின் என்பது அந்தப் பக்கத்துக் கணக்கு. விலை மூன்று மடங்குக்கு மேல்.

மாதிரி மிரின், தினசரி பாட்டில், ஹெகினான் பாட்டில் மூன்றையும் ஒரே சட்டியில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மாதிரி மிரின் சீக்கிரம் கம்பிப் பதத்துக்குப் போய், அசந்தால் அடிப்பிடிக்கிறது. ஹோன் மிரினில் முதலில் சாராய வாடை குப்பென்று கிளம்பும், ஒரு நிமிஷத்தில் அடங்கும், பிறகு பெரிய பெரிய குமிழியாகக் கொதிக்கும். மீன் வாடையை அந்த ஆவி கையோடு கொண்டுபோய்விடுகிறது. தினசரி பாட்டிலுக்கும் ஹெகினான் பாட்டிலுக்கும் தெரியாக்கியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். பூசணியை வெறும் மிரினும் சோயாவும் விட்டு வேகவைத்தால் தெரிகிறது.

மாதிரி மிரினை அடியோடு ஒதுக்கவும் மாட்டேன். அடுப்பே ஏறாத வெள்ளரி சாலட்டுக்கு அதுதான் வசதி. ஆனால் திறந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். என் பாட்டில் ஒன்றின் மூடியோரம் பூசணம் பிடித்தது. ஹோன் மிரினுக்கு நேர்மாறு. ஃபிரிட்ஜில் வைத்தேன், அடியில் கற்கண்டு மாதிரி வெள்ளையாக உறைந்துவிட்டது. இப்போது அலமாரி இருட்டுதான்.

ஹெகினான் பாட்டிலைக் குழம்பில் கொட்ட மனசு வருவதில்லை. பாதியாக வற்றவைத்து வனிலா ஐஸ்கிரீம் மேல் ஊற்றிக்கொள்கிறேன்.