‘எரிசக்தி சேமிக்கும் வீடு’ கட்டித் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்: நாங்கள் ஏமாந்த கதை

தனி வீடு கட்ட இறங்கியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

மின்சாரச் செலவு குறையும், கட்டும்போதே கரியமில வாயு வெளியேற்றமும் குறைவு என்று சொல்லித்தான் ஒரு ஒப்பந்தக்காரர் எங்கள் வீட்டைக் கட்டினார். சாதாரண வீட்டை விடக் கூடுதலாகக் கேட்டார், மனமுவந்து கொடுத்தோம். குடியேறிய முதல் கோடையிலேயே, இரவு ஒன்பது மணிக்கு ஏணி போட்டுப் படுக்கையறைக் கூரையில் கை வைத்தால் சுட்டது.

“புதுக் கான்கிரீட் அப்படித்தான் சார், போகப் போகச் சரியாயிடும்” என்றார். நம்பினோம்.

கான்கிரீட் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து உள்ளே இறக்கும். அதைத் தடுக்கத்தான் தளத்தின் மேல் வெப்பத்தடுப்புப் பலகை போடுவது. எங்களிடம் சொன்னது 75 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை. நீல நிறத்தில் ஒரு மாதிரித் துண்டையும் காட்டினார். 150 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் தடுக்கிற வெப்பத்தை அந்தப் பலகையில் சுமார் 3 மில்லிமீட்டரே தடுத்துவிடும். அப்படியானால் 75 மில்லிமீட்டர் இருந்தால் கூரை சுடவே கூடாது.

சந்தேகம் தாங்காமல் வேறொரு கொத்தனாரை அழைத்து, மொட்டை மாடி மூலையில் ஒரு டைலைப் பெயர்க்கச் சொன்னேன். டைலுக்குக் கீழே கலவை. கலவைக்குக் கீழே, நீலப் பலகை இருக்க வேண்டிய இடத்தில், பார்சல் சுற்றுவது போன்ற குமிழ்த் தாள், ஒரு பக்கம் பளபளவென்று அலுமினியப் படலம். தடிமன் 4 மில்லிமீட்டர். அதற்குக் கீழே நேராகக் கான்கிரீட். கொத்தனார் எதுவும் பேசாமல் என்னையே பார்த்தார்.

அந்தத் தாள் கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பிக் காப்பது. அதற்குப் பளபளப்பான பக்கத்தை ஒட்டிக் காற்று இடைவெளி இருந்தாக வேண்டும். கலவைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தால் வெப்பம் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் கேட்டதற்கு ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். ‘தரமான வெப்பத்தடுப்பு’ என்று மட்டும் இருந்தது. எத்தனை மில்லிமீட்டர், என்ன பொருள், எதுவும் இல்லை. “எழுதினபடிதானே போட்டிருக்கேன்” என்கிறார். 75 என்ற எண்ணை வாயால் சொன்னாரே தவிர, எழுதவில்லை. பெரிய தப்பு அங்கேதான் நடந்தது.

அதன்பிறகு சன்னல்களையும் பார்த்தோம். லோ-ஈ பூச்சு, அதாவது வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு, உள்ள இரட்டைக் கண்ணாடி என்று பணம் வாங்கியிருந்தார். இதைச் சோதிக்க ஒரு மெழுகுவர்த்தி போதும். இருட்டில் கண்ணாடியின் முன்னால் பிடித்தால் நான்கு பரப்புக்கு நான்கு சுடர் தெரியும். பூச்சு இருக்கும் பரப்பில் தெரியும் சுடர் மட்டும் வேறு நிறமாக இருக்கும். என் மனைவி ஒவ்வொரு சன்னலாக மெழுகுவர்த்தியோடு போனாள். எல்லாவற்றிலும் நான்கு சுடரும் ஒரே நிறம்.

சிமெண்டும் அப்படித்தான். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்டினுடையது, அதிலும் பெரும்பகுதி கிளிங்கர் தயாரிப்பில், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டுச் சிமெண்டின் மூலப்பொருளை எடுப்பதில், வருவது. அதனால்தான் கிளிங்கரில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்ட் வேண்டும் என்று கேட்டிருந்தோம். வேலை நடந்தபோது எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால், காலி மூட்டைகளில் சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட் என்று அச்சடித்திருக்கிறது. அந்தப் படங்களை எடுத்ததே நான்தான்.

தயவுசெய்து பொருளின் பெயர், தடிமன், சன்னலின் யூ மதிப்பு (அதன் வழியே எவ்வளவு வெப்பம் கடக்கும் என்ற அளவு, குறைந்தால் நல்லது) எல்லாவற்றையும் எண்ணோடு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். கூரையோ சுவரோ, மூடுவதற்கு முன் நீங்கள் வந்து அளந்து பார்ப்பீர்கள், அதற்கப்புறம்தான் அந்தக் கட்டத் தவணை என்று சேர்த்து எழுதுங்கள். விசிறி வைத்து இடுக்குகள் வழியே எவ்வளவு காற்று கசிகிறது என்று அளக்கும் காற்றுக்கசிவுச் சோதனை செய்து தருவதாகச் சொன்னால், வீட்டுக்கு உள்ளும் வெளியும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் எவ்வளவு கசியலாம் என்ற வரம்பையும் கேளுங்கள். பேசிவ் ஹவுஸ் என்ற, மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடுகளுக்கான தரத்தில் அது மணிக்கு 0.6 காற்று மாற்றம், அதாவது வீட்டிலுள்ள காற்றின் அளவில் 0.6 பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்தில் கசியக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தச் சோதனையே நடக்கவில்லை.

இப்போது அவர் போனை எடுப்பதில்லை. மேல்தளம் முழுவதையும் பெயர்த்துப் பலகை போட வேறு ஆள் பேசியிருக்கிறோம். பலகை வந்து இறங்குகிற அன்றைக்கு விடுப்பு போட்டுவிட்டேன், அளவு நாடாவோடு மாடியிலேயே இருக்கப் போகிறேன்.