ரெண்டு இடுப்பையும் ஒரே தடவை மாத்துறதா, ஒண்ணு ஒண்ணாவா? நான் ஏன் ஒரே தடவைன்னு போனேன்

ரெண்டு பக்க இடுப்பு மூட்டும் போச்சு, மாத்தித்தான் ஆகணும்னு முடிவான பிறகு வர்ற அடுத்த கேள்வி, ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல முடிச்சுக்கலாமா இல்ல ஒண்ணு இப்போ, இன்னொண்ணு சில மாசம் கழிச்சான்னு. எனக்கு வயசு 46, ஸ்கூல் டீச்சர். 2021 கொரோனா நேரத்துல ஸ்டீராய்டு நிறைய ஏத்த வேண்டி வந்துச்சு, அதுக்கப்புறம் தொடை இடுக்குல வலி ஆரம்பிச்சு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஏவிஎன், அதாவது தொடை எலும்போட பந்துக்கு ரத்த ஓட்டம் நின்னு எலும்பு செத்துப்போறது. ஸ்டீராய்டு, குடி மாதிரி காரணத்தால வர்ற ஏவிஎன்ல பாதிப் பேருக்கு மேல ரெண்டு பக்கமும் வந்துடும், அதனாலதான் இந்தக் கேள்வி இத்தனை பேருக்கு வருது. ஆரம்பத்துலயே தெரிஞ்சா எலும்புல துளை போட்டு உள்ள இருக்கிற பிரஷரைக் குறைக்கிற சின்ன ஆபரேஷன் பண்ணிப் பார்ப்பாங்க. எனக்கு ரெண்டு பந்துமே அமுங்கி தட்டையாயிட்டதால அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

நான் ரெண்டையும் ஒரே தடவையா மாத்திக்கிட்டேன். எங்க பெரியப்பா பையன், அண்ணன், அவருக்கும் ரெண்டு பக்கமும் இதே கதைதான், ஆனா ஹார்ட்ல ஸ்டென்ட் வெச்சிருக்கறதால தனித்தனியாத்தான்னு அவரோட டாக்டர்ங்க கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால ரெண்டு வழியையும் எங்க குடும்பத்துக்குள்ளயே பார்த்தாச்சு. தனித்தனியா பண்ணிக்கிறதைப் பத்தி நான் சொல்றதெல்லாம் அண்ணன் பட்டதைப் பக்கத்துல இருந்து பார்த்தது, அவ்வளவுதான், என் உடம்புல பட்டது இல்ல.

எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்தை சீக்கிரம் சொல்லிடறேன். ஒரே தடவைன்னா ஒரு மயக்கம், ஒரு அட்மிஷன், ஒரு தடவை டெஸ்ட், ஒரு நீள லீவு. தனித்தனின்னா இதெல்லாம் ரெண்டு. உள்ள வைக்கிற சாமான் எப்படிப் பார்த்தாலும் ரெண்டு செட் வாங்கித்தான் ஆகணும், அதுல மிச்சம் கிடையாது, தியேட்டர் சார்ஜும் ரூம் வாடகையும்தான் கொஞ்சம் குறையும். தரையில சம்மணம் போடுறது, இந்தியன் டாய்லெட், கோலம் போட குனிஞ்சு உட்காருறது, இதையெல்லாம் விட்டுடுங்கன்னுதான் எங்க ரெண்டு பேருக்குமே சொன்னாங்க, அதுல வித்தியாசமே இல்ல.

பணத்துல ஒரே ஒரு இடத்துல தனித்தனி நல்லா ஜெயிக்குது, அதை மறைக்கக் கூடாது. இன்சூரன்ஸ் தொகை வருஷத்துக்கு இவ்வளவுன்னுதான் இருக்கும். அஞ்சு லட்சம் பாலிசி வெச்சிருக்கறவங்க ரெண்டு இடுப்பையும் ஒரே பில்லுல போட்டா தொகை தீர்ந்து மிச்சத்தைக் கையில இருந்து கட்ட வேண்டி வரலாம், அதுவே ஒண்ணை ரெனியூவலுக்கு முன்னாடியும் இன்னொண்ணை ரெனியூவலுக்கு அப்புறமும் வெச்சா ஒவ்வொண்ணுக்கும் முழுத் தொகையும் கிடைக்கும். அண்ணன் அப்படித்தான் பண்ணார். பல பாலிசில மூட்டு மாற்றுக்கு ரெண்டு வருஷம் வெயிட்டிங் இருக்கும், அதாவது பாலிசி எடுத்து அவ்வளவு நாள் ஆன பிறகுதான் கிளைம் பண்ண முடியும், அதையும் முதல்லயே பார்த்துடுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயும் இடுப்பு மூட்டு மாற்று இருக்கு, அந்த கார்டு இருக்கறவங்க ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அப்ரூவல் எப்படி வரும்னு ஆஸ்பத்திரில இருக்கிற காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுக்கறது நல்லது.

சரி, இப்போ எனக்கு முடிவைக் குடுத்த விஷயத்துக்கு வரேன். வலி இல்ல, பணம் இல்ல, லீவும் இல்ல. மத்த கால்.

ஒரு பக்கம் மட்டும் கெட்டுப்போனவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்சதும் இன்னொரு கால் இருக்கு, எந்திரிக்கிறது, கட்டில்ல ஏறுறது, திரும்புறது எல்லாத்துக்கும் அந்தக் காலை ஊன்றிக்கலாம். பிசியோ முதல்ல சொல்லித்தர்றதே படி ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது ஆபரேஷன் கால் முன்னாடின்னு. ரெண்டும் கெட்டுப்போனவங்க ஒண்ணை மட்டும் மாத்திட்டு வந்தா எது நல்ல கால்? புதுசா மாத்தின கால் இன்னும் பலம் வராம தையலோட இருக்கு, பழைய கால் ஊன்றினா உயிர் போகுது. அண்ணன் அந்த முதல் மாசம் பூரா அதுல மாட்டிக்கிட்டார், புதுக் காலுக்கு எக்சர்சைஸ் பண்ணணும்னா பழைய கால்ல நிக்கணும், பழைய கால்ல ஒரு நிமிஷம் நிக்க முடியல, அதனால எக்சர்சைஸ் பாதில நிக்கும், வலி மாத்திரையும் நிறுத்த முடியல, மூட்டு மாத்தினதே அந்த மாத்திரையை விடத்தான்னு இருக்கும்போது. புதுசா வெச்ச இடத்துல ஒரு குறையும் இல்ல, எக்ஸ்ரே அருமையா இருந்துச்சு, ஆனா நடை வரல.

இன்னொண்ணும் இருக்கு, இதை யாரும் முன்கூட்டியே சொல்றதில்ல. ரொம்ப நாள் கெட்டுப்போன இடுப்பு முழுசா நீளாது, கொஞ்சம் மடங்கின மாதிரியே இறுகிடும். ஒரு பக்கத்தை மாத்தி அது நேரா நிமிர ரெடியா இருந்தாலும் இன்னொரு பக்கம் இடுப்பெலும்பை முன்னாடி சாய்ச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், நிமிர்ந்து நிக்க கீழ் முதுகை வளைச்சுத்தான் ஆகணும், அங்க ஒரு புது வலி ஆரம்பிக்கும். அப்புறம் கால் நீளம். அமுங்கின பந்தை எடுத்துட்டு சரியான அளவுல புதுசு வெச்சா அந்தக் கால் பழைய நீளத்துக்கு வந்துடும், மாத்தாத கால் குட்டையாவே இருக்கும். நடுவுல இருக்கிற மாசங்கள்ல செருப்புக்கு அடியில ஹீல் ஒட்டித்தான் அண்ணன் நடந்தார், அதுக்கு ஒரு நடை பழகி, ரெண்டாவது ஆபரேஷனுக்கப்புறம் அதை மறந்து வேற நடை பழகினார். ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணதால எனக்கு ரெண்டு காலும் ஒரே அளவுல ஒண்ணாவே வளர்ந்துச்சு, ரெண்டு பக்கத் தசையும் ஒரே கட்டத்துல இருந்து ஒண்ணா பலமாச்சு, பிசியோவுக்கும் ஒரே கணக்கு.

தனித்தனின்னு பிளான் பண்றவங்க ரெண்டாவதைத் தள்ளிப்போடுறதும் ரொம்ப சகஜம். முதல் ஆபரேஷன் வலி ஞாபகம் இருக்கும், ஒரு பக்கம் வலி குறைஞ்சதும் சமாளிச்சுக்கலாம்னு தோணும், வீட்டுல கல்யாணம் வரும், ஆபீஸ்ல லீவு கிடைக்காது. மூணு மாசத்துல ரெண்டாவதுன்னு பேசின அண்ணனுக்கு ஒரு வருஷம் தாண்டிடுச்சு. அந்த வருஷம் பூரா நொண்டி நடந்ததுல முழங்காலும் வலிக்க ஆரம்பிச்சுடுச்சு, அது வேற.

இப்போ ஒரே தடவையோட கஷ்டத்தையும் உள்ளபடி சொல்லணும். முதல் ரெண்டு வாரம் ரொம்பக் கடுமை. ஊன்றிக்க ஒரு காலும் இல்ல, எல்லாம் கையிலதான், வாக்கரைப் பிடிச்சு உடம்பு வெயிட்டைத் தூக்குறது தோள்தான். ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடி இருந்தே சேர் கைப்பிடியை அழுத்தி எந்திரிக்கிற எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு பிசியோ சொன்னாங்க, அது எவ்வளவு உதவினதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. கால் நடுவுல தலகாணி வெச்சு ஒருக்களிச்சுப் படுக்க வைக்க ஆரம்பத்துல ரெண்டு பேர் வேணும். பின்பக்கமா திறந்து பண்ற ஆபரேஷன்னா இடுப்பை தொண்ணூறு டிகிரிக்கு மேல மடக்கக் கூடாது, கால் மேல கால் போடக் கூடாது, காலை உள்பக்கம் திருப்பக் கூடாது, மூட்டு நழுவிடும்னு பயம். ஒரு பக்கம்னா அந்தக் காலை மட்டும் காப்பாத்தினா போதும், ரெண்டு பக்கம்னா தூக்கத்துல கூட ரெண்டையும் நினைக்கணும். கமோடு மேல உயரம் ஏத்துற சீட்டு கண்டிப்பா வேணும். என் தங்கச்சி தென்காசியில இருந்து வந்து கூடவே இருந்தா, வீட்டுக்காரரும் இருந்தார், ரெண்டு பேர் இல்லாம என்னால முடிஞ்சிருக்காது. வீட்டுல பார்த்துக்க ஒரே ஒரு வயசானவங்கதான் இருக்காங்கன்னா நான் ஒரே தடவைன்னு தைரியமா சொல்ல மாட்டேன்.

உடம்பு ரிஸ்க்தான் பெரிய விஷயம், இங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. ரெண்டு பக்கமும் ஒண்ணா பண்ணா ரத்தம் அதிகம் போகும், ரத்தம் ஏத்த வேண்டி வர வாய்ப்பும் அதிகம். டிரானெக்ஸாமிக் ஆசிட்னு ஒரு மருந்து போட்டு ரத்தப்போக்கைக் குறைக்கிறாங்க, இருந்தாலும் ஹீமோகுளோபின் கம்மியா இருக்கறவங்க முதல்ல அதை ஏத்திக்கணும். கால் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சு நுரையீரலுக்குப் போற பயம் எந்த இடுப்பு மாற்றுலயும் உண்டு, அதுக்காகத்தான் 35 நாள் வரைக்கும் ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கிறாங்க. தொடை எலும்புக்குள்ள புது மூட்டோட தண்டை அடிச்சு இறக்கும்போது எலும்பு மஜ்ஜைல இருக்கிற கொழுப்பு ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போகலாம், ரெண்டு எலும்பும் ஒரே நாள்னா அந்தச் சுமையும் ரெண்டு மடங்கு. ஹார்ட், நுரையீரல், கிட்னி ஏதாவது சரியில்லாதவங்களுக்கும் வயசு நல்லா ஆனவங்களுக்கும் தனித்தனியே சரின்னு டாக்டர்ங்க சொல்றது இதனாலதான். அண்ணன் விஷயத்துல அது நூத்துக்கு நூறு சரியான முடிவு, நடுவுல அவ்வளவு கஷ்டம் இருந்தும் அதைத்தான் சொல்வேன்.

எனக்கு பெரிய நிம்மதி குடுத்தது ஒரு விஷயம். ஒரே தடவைன்னு கையெழுத்து போட்டாலும் முதல் பக்கம் முடிஞ்சதும் மயக்க மருந்து டாக்டர் பிபி, ஆக்சிஜன், எவ்வளவு ரத்தம் போச்சு எல்லாம் பார்த்துட்டு சரின்னு சொன்னாத்தான் என்னை அடுத்த பக்கம் திருப்புவாங்கன்னு சர்ஜன் சொன்னார். சந்தேகம் வந்தா அங்கயே நிறுத்திட்டு இன்னொண்ணை வேற நாள் வெச்சுக்குவாங்க. இதை நீங்களும் நேரா கேளுங்க, யார் அந்த முடிவை எடுப்பாங்கன்னு கேளுங்க, ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் பண்ணி சர்ஜனுக்கு எவ்வளவு பழக்கம், ஆஸ்பத்திரிலயே ரத்த வங்கியும் ஐசியூவும் இருக்கான்னும் கேளுங்க. ஒரு பக்கம் மட்டும் நிறைய பண்ணவரா இருந்தா போதாது.

ரொம்ப வருஷம் கழிச்சு என்ன ஆகும்ங்கறதுல எனக்கு அனுபவம் இல்ல. 2019ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த பெரிய ஆய்வுல 25 வருஷம் கழிச்சும் 58 சதவீத செயற்கை இடுப்பு மூட்டு திரும்ப மாத்தாம ஓடிட்டிருந்துச்சு, அது பழைய சாமானோட கணக்கு, இப்போ மூட்டுக் கிண்ணத்துக்குள்ள வைக்கிற பிளாஸ்டிக் லைனர் தேய்மானம் இன்னும் கம்மி. எழுபதுல எனக்கு ரெண்டும் ஒண்ணா தேஞ்சு திரும்ப இதே கேள்வி வரலாம். அதை நினைச்சு இப்போ நடக்க வேண்டிய வருஷங்களை விட எனக்கு மனசு வரல. சாமானோட ஸ்டிக்கர் ரெண்டு செட்டும் இடது எது வலது எதுன்னு எழுதி டிஸ்சார்ஜ் ஃபைல்ல ஒட்டி வாங்கிக்கோங்க, பின்னாடி மாத்தற டாக்டருக்கு அது இல்லாம கஷ்டம்.

தனித்தனியாத்தான்னு சொல்லிட்டாங்கன்னா ரெண்டு விஷயம் மட்டும் பண்ணுங்க. ரெண்டாவது ஆபரேஷனுக்கு உத்தேச தேதியை முதல் டிஸ்சார்ஜ் அன்னைக்கே வாங்கிட்டு வந்து வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க, ரெனியூவல் தேதியையும் அதோட ஒத்துப் பாருங்க. செருப்புக்கு ஹீல் எவ்வளவு வேணும்னு முதல் ரிவ்யூலயே அளந்து வாங்கிடுங்க, அண்ணன் அதை ரொம்ப தாமதமாத்தான் போட்டார்.