ரப்பர் வெந்நீர்ப் பை: தலைக்காயத்துக்குப் பிறகு தூக்கம் பிடிக்காதவர்களுக்கு

தலையில் அடிபட்டுத் தேறி வருபவர்களுக்குத் தூக்கம் கெடுவது சகஜம். ஊட்டி ஜனவரி உறைபனியில் பாதம் சில்லிட்டால் இன்னும் மோசம். மருந்துக் கடையில் கிடைக்கும் 2 லிட்டர் ரப்பர் பை இதற்கு நல்ல துணை. பாதம் சூடானால் உடம்பின் உள்சூடு தணிந்து கண் சொக்கும்.

கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், ரப்பர் சீக்கிரம் விரிசல் விடும். அடுப்பை அணைத்துச் சற்று ஆறவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஊற்றுங்கள். வாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். பலவீனமான இடம் வாஷர்தான். தலைகீழாகப் பிடித்து ஒரு சொட்டு கசிந்தாலும் மாற்றிவிடுங்கள். துணியுறை கட்டாயம். அடிபட்டபின் சிலருக்குத் தோலில் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்குப் படுக்கையை மட்டும் சூடாக்கிவிட்டு, படுக்கும்போது பையை எடுத்துவிட வேண்டும். தலையில் வைக்கவே கூடாது.

பை மட்டும் போதாது. மதியத்துக்கு மேல் டீ வேண்டாம். தேயிலை மலைக்காரர்களுக்கு இது கஷ்டம்தான். மூடுபனி விலகியதும் அரை மணி வெயிலில் உட்காருங்கள். நன்றாகத் தூங்கிய நாளைக் காலண்டரில் வட்டமிடுங்கள், மனசு தளராது. டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை கூடாது. தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.